ஊர் கூடி இழுக்கும் வானத் தேர்

வசந்தம் வந்தால் ஜெர்மனியின் கிளைடர் கிளப்புகளில் ஹேங்கர் கதவு திறக்கும். அங்கே சம்பளம் வாங்கும் கை ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் விமானங்கள் பறக்கும். எப்படி?

மார்ச் கடைசி வாரம், சனிக்கிழமை காலை எட்டு மணி. மத்திய ஜெர்மனியில், ரோன் மலைகளைச் சுற்றியிருக்கும் சிறிய விமானத் திடல் எதற்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். புல்லில் பனி இன்னும் காயவில்லை. ரப்பர் பூட்ஸ் போட்ட நாலைந்து பேர் மண்வெட்டியும் கையுமாகத் திடலின் நீளத்துக்கும் நடக்கிறார்கள். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் மோல் என்ற சிறு பிராணி, குளிர்காலம் முழுக்கத் திடலெங்கும் மண் குவியல்களை எழுப்பி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றாக வாரிப் பரப்பி, காலால் மிதித்துச் சமன் செய்ய வேண்டும்.

இதில் என்ன அவசரம் என்று தோன்றலாம். கிளைடருக்குத் தரையில் ஓட உடலின் நடுவே இருக்கும் சக்கரம்தான் கதி. மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது, காய்ந்து கெட்டியான ஒரு மண் குவியலில் அது மோதினால் உள்ளே இருப்பவரின் முதுகெலும்பு பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே, பறக்க ஆசைப்பட்டு வந்தவர்கள் முதலில் மண் வாருகிறார்கள். வாரநாட்களில் இவர்களில் ஒருவர் பல் மருத்துவராக இருப்பார், இன்னொருவர் கடைசல் பட்டறைத் தொழிலாளி, மற்றொருவர் பத்தாம் வகுப்பு மாணவி. சனிக்கிழமை எல்லார் பூட்ஸிலும் ஒரே சேறு.

திடலில் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் அழைக்கிறார்கள். ஜெர்மன் மொழியிலும் நம்மைப்போல 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு கறாராக உண்டு. அலுவலகத்தில் பல ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தும் 'நீங்கள்' விட்டுப்போகாத மனிதர்கள் அவர்கள். கிளைடர் திடலின் வேலியைத் தாண்டியதும் எழுபது வயதுக்காரரைப் பதினைந்து வயதுப் பிள்ளை 'நீ' என்று கூப்பிடலாம். விமானத்தை மேலே இழுக்கும் கயிறு அறுந்துபோகும் நொடியில் மரியாதை பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று இதற்கு நான் ஒரு காரணம் கற்பித்துக்கொள்கிறேன்.

இன்ஜின் இல்லை, முதலாளியும் இல்லை

கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத விமானம். உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் ஏ.எஸ்.கே. 21 என்ற இரட்டை இருக்கைக் கிளைடரின் இறக்கை அகலம் 17 மீட்டர். காற்று அசையாமல் இருந்தால், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது ஏறத்தாழ 34 கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே போய் இறங்கும். மேலே ஏறுவதற்கு மட்டும்தான் பிறர் தயவு வேண்டும்.

அந்தத் தயவைப் பிரித்துப் பார்த்தால் ஆறு பேர் நிற்கிறார்கள். திடலின் மறுகோடியில், கயிற்றைச் சுருட்டி விமானத்தை மேலே இழுக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுபவர் ஒருவர். அறுபட்டும் விடுபட்டும் விழும் கயிற்றை வண்டியில் இழுத்து வருபவர் ஒருவர். புறப்பாட்டை மேற்பார்ப்பவர் ஒருவர். இறக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி ஓடுபவர் ஒருவர். யார், எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்று எழுதுபவர் ஒருவர். பயிற்சியாளர் ஒருவர். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வோமே, அது இங்கே உவமை இல்லை. உண்மையாகவே ஒரு கிலோமீட்டர் நீள வடம் இருக்கிறது. ஒரே வித்தியாசம், இழுத்தவர்கள் ஒவ்வொருவராகத் தேரில் ஏறிக்கொள்கிறார்கள்.

ஜெர்மன் சட்டப்படி ஏழு உறுப்பினர்கள் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். அப்படிப் பிறந்த சங்கங்களே இந்தக் கிளப்புகள். சம்பளமில்லாமல் பொதுவுக்கு உழைப்பதை அவர்கள் 'எஹ்ரன்அம்ட்' என்கிறார்கள். 'எஹ்ர' என்றால் கௌரவம், 'அம்ட்' என்றால் பதவி. இந்தச் சொல்லில் இருக்கும் கௌரவம் வெறும் அலங்காரமல்ல. பறப்பதற்கான செலவே இதனால்தான் குறைகிறது. வின்ச் மூலம் ஒருமுறை மேலே ஏற ஒரு உறுப்பினருக்குச் சில யூரோக்கள்தான் ஆகும். மீதி விலையை அவர் வார இறுதிகளாகக் கொடுக்கிறார்.

--- பெட்டிச் செய்தி ---
மலையில் பிறந்த விளையாட்டு

ரோன் மலைத்தொடரின் உச்சி வாஸர்குப்ப, 950 மீட்டர். டார்ம்ஷ்டட் நகர மாணவர்கள் 1911-லேயே இங்கே சறுக்கிப் பார்த்தவர்கள். முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் இன்ஜின் விமானங்களுக்குக் கடிவாளம் போட்டது. இன்ஜின் இல்லாத விமானத்துக்குத் தடை இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டார், 'ஃப்ளூக்ஸ்போர்ட்' இதழின் ஆசிரியர் ஆஸ்கர் உர்ஸினுஸ். 1920-ல் அவர் அழைப்பில் முதல் போட்டி நடந்தது. அதில் வொல்ஃப்காங் கிளெம்பரர் பறந்தது ஏறத்தாழ 1.8 கி.மீ., இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. இரண்டே ஆண்டுகளில், 1922 ஆகஸ்டில், ஹனோவர் மாணவர்கள் கட்டிய 'வாம்பயர்' கிளைடரில் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் நின்றார்.

நாஜிகள் இந்த விளையாட்டைத் தங்கள் விமானப்படைக்கு ஆள் சேர்க்கும் வாசலாக்கினார்கள். சுதந்திரமான கிளப்புகள் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நேச நாடுகள் பறத்தலையே தடை செய்தன. 1951-ல்தான் கிளைடர்கள் திரும்ப எழுந்தன. மலையடிவாரத்து ஊரான போப்பன்ஹவுஸனில் 1927-ல் தொடங்கிய அலெக்ஸாண்டர் ஷ்லைஹர் நிறுவனம்தான் ஏ.எஸ்.கே. 21-ஐயும் தயாரித்தது.
--- ---

உள்ளங்கையில் ஒரு பரீட்சை

வசந்தம் திடலில் தொடங்குவதில்லை, பட்டறையில் தொடங்குகிறது. நவம்பரில் கழற்றிய இறக்கைகள் குளிர்காலம் முழுக்க மரத்தாங்கிகளில் படுத்துக்கிடக்கும். மேல்பூச்சில் முடிபோல ஒரு விரிசல் ஓடியிருந்தால் தேய்த்து, பூசி, மறுபடியும் தேய்க்க வேண்டும். சக்கரத்தின் பிரேக், இருக்கையின் பெல்ட், கயிற்றைப் பிடித்து விடுவிக்கும் கொக்கி, பாராசூட் எல்லாம் சோதனைக்குப் போகும். ஆண்டுக்கொருமுறை பரிசோதகர் வந்து பார்த்துத் தகுதிச் சான்று கொடுத்தால்தான் விமானம் வெளியே வரும். ஒவ்வொரு உறுப்பினரும் இத்தனை மணி நேரம் பட்டறையில் உழைக்க வேண்டும் என்பது கிளப்பின் விதி. உழைக்காதவர் அந்த மணி நேரங்களுக்குப் பணம் கட்டுவார். அப்படிப் பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர் பெருகினால் கிளப்புக்குக் கெட்ட காலம்.

மார்ச்சில் இறக்கைகளைப் பூட்டுகிறார்கள். நுனியில் ஒருவர், வேரில் இருவர், உடலருகே ஒருவர். பெரிய ஊசிகள் உள்ளே இறங்கியதும் பார்வைக்கு வேலை முடிந்ததுபோல் இருக்கும். ஆபத்து அதற்குப் பிறகுதான். பழைய வகைக் கிளைடர்களில், இறக்கையை அசைக்கும் தண்டும் உடலில் இருக்கும் தண்டும் ஒரு சின்னப் பந்துமுனை இணைப்பில் சேரும். இறக்கைக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. உள்ளே கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பூட்ட வேண்டும். பந்தின் மேல் குழி உட்காரும்போது விரல்நுனியில் ஒரு 'டிக்' தெரியும். அதன் குறுக்கே ஊக்கு அளவில் ஒரு பூட்டுக்கம்பி செருகப்பட வேண்டும். அந்த 'டிக்' வருவதற்கு முன் யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வேலை பாதியில் நின்றுவிடும். மூடியைப் போட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். இப்படிப் பூட்டாமல் பறந்து உயிர் போன விபத்துகள் கிளைடர் உலகில் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இப்போது வரும் கிளைடர்களில் இறக்கையைச் செருகினாலே இணைப்புகள் தானாகச் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் கிளப்புகள் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய விமானங்களையும் கண்ணும் கருத்துமாக வைத்து ஓட்டுபவை.

அதனால் ஒரு சடங்கு உண்டு. ஒருவர் காக்பிட்டில் உட்கார்ந்து கட்டுப்பாட்டுக் கோலை அசைப்பார். மற்றவர் இறக்கையின் அசையும் மடலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்து, அசையவிடாமல் எதிர்த்து அழுத்துவார். வெறுமனே அசைகிறதா என்று பார்ப்பது போதாது. பூட்டாத இணைப்பும் அசையும், எதிர்த்து அழுத்தினால்தான் நழுவும். பூட்டியவரே இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, வேறு ஒருவர் செய்ய வேண்டும் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். சம்பளமில்லாத இடத்தில் ஒழுங்கு இருக்காது என்று நினைப்பவர்களுக்கு இந்த உள்ளங்கைகளைக் காட்ட வேண்டும். தன் மகளோ நண்பனோ உட்காரப்போகும் விமானம் இது என்பது அவற்றுக்குத் தெரியும்.

மூன்று நொடி

குளிர்காலத்தில் துருப்பிடிப்பது இரும்பு மட்டுமல்ல. அக்டோபரில் அநாயாசமாக இறங்கியவர், ஏப்ரலில் தடுமாறுவார். ஐரோப்பிய விதி இதைக் கணக்கில் வைத்திருக்கிறது. கடந்த 90 நாளில் மூன்று முறையாவது தானே ஏறி இறங்காதவர் பயணியை ஏற்றக் கூடாது. நவம்பரில் ஹேங்கரைச் சாத்திய கிளப்பில், ஏப்ரல் முதல் நாளில் அநேகமாக எல்லாருமே இந்த வரம்பைத் தாண்டியிருப்பார்கள். அது தவிர, 24 மாதத்தில் ஐந்து மணி நேரப் பறத்தல், 15 ஏற்றம், பயிற்சியாளரோடு இரண்டு பயிற்சிப் பறத்தல் இருந்தால்தான் உரிமம் செல்லும். ஆயிரம் மணி நேரம் பறந்த பெரியவர்களும் ஆண்டின் முதல் நாளில் முன் இருக்கையில் மாணவராக உட்கார்வது கிளப்புகளின் வழக்கம்.

வின்ச் ஏற்றத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கயிற்றை மாட்டுகிறார்கள். நுனிக்காரர் இறக்கையைச் சமமாகத் தூக்குகிறார். ஒலிபெருக்கியில் 'ஸைல் ஆன்ஸீன்' என்ற குரல்: கயிற்றை இழு. புல்லில் பாம்புபோல் கிடந்த கயிறு மெல்ல ஊர்ந்து நேராகிறது. 'ஸைல் ஸ்ட்ராஃப்': கயிறு இறுகிவிட்டது. அடுத்த மூன்று நொடியில் விமானம் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. முதுகு இருக்கையில் அப்பிக்கொள்கிறது. மூக்கு வானத்தைப் பார்க்கிறது, தரை கண்ணைவிட்டு மறைகிறது. அரை, முக்கால் நிமிடத்தில் 400 மீட்டர் உயரம். மஞ்சள் குமிழை இழுத்தால் கயிறு விடுபடும். அதன் பிறகு கேட்பது காற்று மட்டும்.

அந்த ஏற்றத்தின் நடுவே கயிறு அறுந்தால்? கயிற்றில் 'உடைவதற்கென்றே' ஒரு உலோகத் துண்டு வைத்திருக்கிறார்கள். இழுவிசை அளவு மீறினால் இறக்கை உடைவதற்குப் பதில் அது உடையும். விமானத்துக்கு விமானம் வேறு வலு, வேறு நிறம், ஏ.எஸ்.கே. 21-க்குக் கறுப்பு. அது உடையும் நொடியில் மூக்கு வானத்தை நோக்கி உயர்ந்திருக்கும், வேகமோ சரிந்துகொண்டிருக்கும். மனம் 'கோலை இழு' என்று கெஞ்சும். கை அதைத் தள்ள வேண்டும். மூக்கைத் தாழ்த்தி, வேகம் திரும்பும்வரை காத்து, அதன் பிறகுதான் நேரே இறங்குவதா, குறுகிய வட்டம் அடித்து வருவதா என்று முடிவெடுக்க வேண்டும். வசந்தகாலச் சோதனைப் பறத்தலில் பின் இருக்கைப் பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றை விடுவிப்பது இதற்காகத்தான்.

இப்படித் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்வது பலன் தருமா என்பதற்கு பிரிட்டனில் விடை இருக்கிறது. அங்கும் கிளைடர் கிளப்புகள் பெரும்பாலும் தொண்டர்களால் நடப்பவை. பிரிட்டிஷ் கிளைடிங் அசோசியேஷன் 2005-ல் வின்ச் பாதுகாப்புக்கென்றே ஒரு முயற்சியைத் தொடங்கியது. இறக்கை சமநிலையில் நிற்காவிட்டால் அது தரையைத் தொடும்முன் கயிற்றை விடு, அதற்காகக் கையை மஞ்சள் குமிழிலேயே வை என்பன போன்ற எளிய பாடங்களைக் கிளப் கிளப்பாகக் கொண்டுபோனார்கள். வின்ச் விபத்துகளில் உயிரிழப்பும் படுகாயமும் வெகுவாகக் குறைந்தன. புதுக் கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

ஏப்ரல் வானம் ஏன் வேறு?

நம் ஊர் மதிய வெயிலில் பருந்து சிறகை அடிக்காமல் வட்டமிட்டு ஏறுவதைப் பார்த்திருப்போம். சூடான தரையிலிருந்து எழும் காற்றுத்தூணில் அது சவாரி செய்கிறது. கிளைடருக்கும் அதே வித்தைதான். அந்தத் தூணை ஜெர்மன் விமானிகள் 'பார்ட்', அதாவது தாடி, என்று செல்லமாகச் சொல்வார்கள். உலகில் உள்ள செவ்வால் பருந்து இணைகளில் ஏறத்தாழப் பாதி ஜெர்மனியில்தான் கூடு கட்டுகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் அவை தெற்கிலிருந்து திரும்பிவிடும். அவை வட்டமிடும் இடத்துக்குக் கிளைடர் போனால் பெரும்பாலும் தாடி கிடைக்கும்.

ஏப்ரல் கடைசியில் ஜெர்மனியின் சூரியன் ஆகஸ்ட் மாத உயரத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் மேல்காற்றில் குளிர்காலத்தின் சில்லிப்பு போகவில்லை. கீழே சூடு, மேலே குளிர் என்ற இடைவெளி அதிகமாக அதிகமாக, எழும் காற்றுக்கு வேகம் கூடும். வயல்களில் பயிர் இன்னும் உயரவில்லை. கோடையில் இலைகள் நீராவி விடுவதில் செலவாகிற வெயில், ஏப்ரலில் வெறும் மண்ணைச் சுடவைப்பதில் முழுதாகப் போகிறது. வடதுருவத்திலிருந்து வந்த காற்று கழுவிவிட்டதுபோல் தெளிவாக இருக்கும்.

மேகத்தின் அடி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதற்குக் கிளப்பில் ஒரு கைக்கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள். வெப்பநிலையிலிருந்து, காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் பனிநிலை வெப்பத்தைக் கழித்து 125-ஆல் பெருக்கு. தரையில் 18 டிகிரி, பனிநிலை 2 டிகிரி என்றால், 16 பெருக்கல் 125, ஆக 2,000 மீட்டர். அப்படி ஒரு நாள் வாய்த்தால் அதன் பெயர் 'ஹமர்டாக்', சுத்தியல் நாள்.

கிளைடர் வரலாற்றின் பெரிய சுத்தியல் நாள்களில் ஒன்று 1972 ஏப்ரல் 25. அன்று ஹான்ஸ் வெர்னர் க்ரோஸ, வடக்கே லூபெக்கில் புறப்பட்டு, ஏ.எஸ்.டபிள்யூ. 12 என்ற கிளைடரில் பிரான்ஸின் அட்லான்டிக் கரையிலுள்ள பியாரிட்ஸ்வரை போனார். ஒரே நாளில், இன்ஜின் இல்லாமல், 1,460 கிலோமீட்டர்.

எல்லாரும் க்ரோஸ ஆக முடியாது. பலருக்கு வசந்தம் என்பது எங்கோ ஒரு வயலில் இறங்கி, மண்ணைத் தட்டிவிட்டு, கிளப்புக்குப் போன் போடுவது. இதிலும் பருவக் கணக்கு உண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் கோதுமை கணுக்காலளவு, இறங்கலாம். மே மாதம் கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் கடுகினப் பயிரான ராப்ஸ் பூத்துக் கிடக்கும். மேலிருந்து பட்டுப்பாய்போலத் தெரியும், உண்மையில் இடுப்பளவு உயரம். அதில் இறங்கினால் இறக்கை மாட்டி விமானமே சுழன்றுவிடும். சரியான வயலில் இறங்கியவரையும் யாராவது போய் அழைத்துவர வேண்டுமே. பத்து மீட்டர் டிரெய்லரைக் காரில் மாட்டிக்கொண்டு, இரவு சாப்பாட்டை விட்டுவிட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போகிறவரும் ஒரு உறுப்பினர்தான்.

2020 ஏப்ரலை இங்கே சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் வெயில்மணி அளக்கத் தொடங்கிய 1951-லிருந்து அதுவரை அப்படி ஒரு வெயில் நிறைந்த ஏப்ரல் இல்லை. கொரோனா கட்டுப்பாட்டில் கிளப்புகள் பூட்டிக் கிடந்தன. பட்டறையில் தயாராக நின்ற விமானங்களுக்கு மேலே, ஆளில்லாத வானத்தில் பஞ்சு மேகங்கள் வரிசை வரிசையாகப் போயின.

பதினான்கு வயதில், தனியாக

கார் ஓட்டும் வயது வருவதற்கு வெகுமுன்பே இங்கே தனியாகப் பறக்கலாம். ஐரோப்பிய விதிப்படி 14 வயதில் பயிற்சியாளர் மேற்பார்வையில் தனியாக ஏறலாம், 16-ல் உரிமம் பெறலாம். அதற்குக் குறைந்தது 15 மணி நேரப் பயிற்சி, 45 ஏற்றம் வேண்டும். வின்ச் கிளப்பில் முதல் தனிப்பறத்தலுக்கே அறுபது, எழுபது ஏற்றம் ஆகிறவர்கள் பலர்.

இந்த எண்ணை வேறு விதமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை தனியாகப் பறக்க அறுபது ஏற்றம் என்றால், அறுபது முறை ஒருவர் வின்ச் ஓட்டியிருக்கிறார், அறுபது முறை ஒருவர் கயிற்றை இழுத்து வந்திருக்கிறார், அறுபது முறை ஒருவர் தன் பறத்தலை விட்டுவிட்டுப் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. காலை எட்டுக்கு வந்து இரவு ஹேங்கர் சாத்தும்வரை மற்றவர்களுக்காக ஓடியிருக்கிறது. நாள் முழுக்க நின்று, மூன்று முறை ஏறினால் அது நல்ல நாள். கட்டணம் கட்டி நாற்பது நிமிடத்தில் வகுப்பு முடித்துப் போகும் பழக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இது கடினம்தான். ஆனால் திடலில் ஓடும் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் ஒரு நிதானம் வந்துவிடுகிறது. ஒரு மனிதரின் உயிர் தன் கையசைப்பில் இருக்கிறது என்பதை ஒரு நாளில் பல முறை உணர்கிற பிள்ளைகள் அவர்கள். எந்தப் பள்ளி இதைச் சொல்லிக்கொடுக்கும்?

முதல் மூன்று தனிப்பறத்தல்களையும் முடித்து இறங்கும் பிள்ளைக்கு ஜெர்மன் கிளப்புகளில் ஒரு பூங்கொத்து காத்திருக்கும். திடலோரம் பறித்த முட்செடியும் காஞ்சொறிபோல் அரிக்கும் தழையும் சேர்த்துக் கட்டியது. வாழ்த்து முடியும்வரை வெறுங்கையில் பிடித்திருக்க வேண்டும். அதோடு, வந்தவர்கள் வரிசையாக ஆளுக்கொரு அடி, பிருஷ்டத்தில். எழும் காற்றுத்தூண் வரும்போது முதலில் தெரிவது இருக்கையில்தான், அந்த உணர்வு கூர்மையாகட்டும் என்பதாக நம்பிக்கை.

கட்டம் காலியானால்

உலகிலேயே கிளைடர் விமானிகள் அதிகம் இருப்பது ஜெர்மனியில்தான். ஆனாலும் கிளப்புகளில் கவலை இருக்கிறது. முழுநேரப் பள்ளிகள் பெருகியதால் பிள்ளைகளின் பிற்பகல்கள் சுருங்கிவிட்டன. பதினாறில் உரிமம் எடுத்தவர் பத்தொன்பதில் மேல்படிப்புக்கு வேறு நகரம் போகிறார். கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன் என்று இருபது ஆண்டு காணாமல்போய், சிலர்தான் திரும்புகிறார்கள். நடுவில் பளுவைச் சுமப்பவர்கள் ஐம்பதையும் அறுபதையும் தாண்டியவர்கள். பயிற்சியாளர் ஒருவர் விலகினால் அந்த ஆண்டு மாணவர் சேர்க்கையே தடுமாறும்.

கிளப் இல்லாமல் அரசு நடத்தலாமே என்று கேட்கலாம். நம் நாட்டில் புனே ஹடப்சரில் மத்திய சிவில் விமானத் துறையின் கிளைடர் மையம் அப்படி நடந்ததுதான். அரசு கட்டியெழுப்பும் மையத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மையத்தின் ஆயுள் உத்தரவிலும் ஒதுக்கீட்டிலும் இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்த சங்கத்தின் ஆயுள் எட்டாவது ஆள் வருவதில் இருக்கிறது. இரண்டும் சிரமம்தான், என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது.

கிளப்புகளும் சும்மா இருக்கவில்லை. ஈஸ்டர் விடுமுறையில் புதியவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். மே மாதத்தில் ஊரை அழைத்துக் கேக் விற்கிறார்கள், பக்கத்து வீட்டுத் தாத்தாவை ஒரு சுற்று ஏற்றிவிடுகிறார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து 19 வார இறுதிகள் நடக்கும் கிளைடர் பூண்டஸ்லீகா என்ற கிளப் போட்டியில் ஒவ்வொரு கிளப்பின் வேகமான மூன்று பறத்தல்கள் சேர்ந்து புள்ளியாகின்றன. தனி ஆளின் சாதனை அங்கும் கிளப்பின் கணக்கில்தான் ஏறுகிறது.

மாலை ஏழு மணி. கடைசி விமானமும் இறங்கிவிட்டது. இறக்கையின் முன்விளிம்பில் நாள் முழுக்க மோதிய பூச்சிகள் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கின்றன. காயவிட்டால் போகாது, அடுத்த பறத்தலில் காற்றும் வழுக்கி ஓடாது. வாளியும் ஸ்பாஞ்சுமாகப் பிள்ளைகள் துடைக்கிறார்கள். ஹேங்கருக்குள் விமானங்களை, இறக்கை மேல் இறக்கை படியாமல், வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். அதற்கும் ஒருவர் கை காட்டி நிற்கிறார். கிளப் சமையலறைச் சுவரில் பணிப்பட்டியல் தொங்குகிறது. பயிற்சியாளர், புறப்பாடு, வின்ச் என்று கட்டங்கள். மே மாத மூன்றாவது ஞாயிறின் வின்ச் கட்டம் காலையில் வெறுமையாக இருந்தது. அது நிரம்பாவிட்டால் அன்று வானம் எப்படி இருந்தாலும் ஒருவரும் ஏற முடியாது. பாத்திரம் கழுவிவிட்டு வந்த ஒருவர், ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, ஆணியில் கட்டியிருந்த பென்சிலை எடுக்கிறார்.